அசலைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவர்

கன்னியப்பனின் மனைவி சொர்ணம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை இதய நோயாளியாக இருந்தாள். திங்கட்கிழமை காலையில் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனபோது, அவள் நாற்பது வயதான, விடாமல் இருமுகிற, பீடியை உடனே நிறுத்தும்படி எச்சரிக்கப்பட்ட ஓர் ஆணாக மாறியிருந்தாள்.

சீட்டு ஜன்னலில் இருந்த குமாஸ்தா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துவிட்டு, அவளைப் பார்க்காமலேயே, "பீடியை விட்டாச்சா?" என்று கேட்டார்.

சொர்ணம் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "யோவ், நான் எப்பய்யா பீடி குடிச்சேன்?"

"சார், இவளுக்கு நெஞ்சுல வால்வு. நாளைக்கு ஆப்ரேசன். லிஸ்ட்ல மூணாவது பேரு," என்றான் கன்னியப்பன்.

"சொர்ணம், கணவர் பெயர் கன்னியப்பன், மண்ணூர்பேட்டை. அதானே?"

"அதான் சார்."

"ஆண். நுரையீரல் காசம். மாத்திரை ஒரு நாள்கூட விடக் கூடாதுன்னு போட்டிருக்கு. ஆப்ரேஷன்னு எதுவும் இல்லையே." குமாஸ்தா இப்போதுதான் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு கணம் தயங்கி நின்றுவிட்டுத் திரையின் பக்கம் சேர்ந்துகொண்டார். "அடுத்த ஆள் வாங்க."

வால்வு என்றால் என்னவென்று கன்னியப்பனுக்குத் தெரியும். தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில், தண்ணீர் பம்புகளுக்குப் பித்தளை வால்வு கடைவதுதான் அவன் வேலை. சொர்ணத்தின் நெஞ்சுக்குள் ஒரு வால்வு சுருங்கிப்போய் ரத்தத்துக்கு வழிவிடாமல் நிற்கிறது என்று டாக்டர் முதல் தடவை விளக்கியபோது, "அளவு மட்டும் சொல்லுங்க சார், சாய்ந்திரம் கடைஞ்சி எடுத்தாந்துர்றேன்" என்று சொன்னான். டாக்டர் சிரிக்கவில்லை. அதிலிருந்துதான் விஷயம் பெரியது என்று புரிந்துகொண்டான். அதற்குப் பிறகு, குழாயடியிலிருந்து ஒரு குடம் தூக்கிவர சொர்ணம் வழியில் இரண்டு மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். பிறகு குடத்தை அவன் தூக்கினான். பிறகு அவள் படுத்துத் தூங்குவதையே விட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கக் கற்றுக்கொண்டாள். பட்டணத்திலிருந்து அறுவை நிபுணர் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் வருவார். அவருடைய பட்டியலில் அவள் பெயர் மேலே ஏறி மூன்றாவது இடத்துக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

தொழிற்பேட்டைத் தொழிலாளர் உடல்நலக் கழகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஆயுத பூஜையன்று. அது வந்ததும் பழைய நோயாளி அட்டைகளையெல்லாம் எடைக்குப் போட்டார்கள். கொஞ்ச நாளைக்கு பஸ் நிறுத்தத்தில் வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கினால், யாருடைய சர்க்கரை அளவாவது கூடவே கிடைக்கும். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கோப்பு. கோப்பின் மேலே பெயர், உள்ளே நோய். உள்ளேயும் ஒரு தடவை பெயரை எழுதலாமா என்று யாரோ கேட்டதற்கு, ஒரு விஷயத்தை இரண்டு தடவை எழுதுவது கழகத்தின் வளத்தை வீணாக்குவது என்று துணை இயக்குநர் மணவாளன் தீர்ப்பு சொல்லியிருந்தார்.

மணவாளனைப் பற்றிக் கெட்டதாக யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. கைநீட்டி வாங்கமாட்டார். தாமதமாக வரமாட்டார். ஒருவரையும் ஒருமையில் பேசமாட்டார். அசலைப் பார்க்காமல் எந்த நகலிலும் கையெழுத்துப் போட்டதில்லை என்பது அவர் வாழ்க்கையின் பெருமை. அவருடைய மகள் கல்லூரியில் சேர மதிப்பெண் சான்றிதழின் நகல் கேட்டபோது, அசலில் இருந்த ஒவ்வோர் எழுத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டார். முத்திரையில் இருந்த சிங்கங்களின் பிடரியை ஒப்பிட்டு முடிப்பதற்குள் சேர்க்கைக்கான கடைசி நாள் போய்விட்டது. பெண் இப்போது அஞ்சல் வழியில் படிக்கிறாள். அதை அவர் எல்லோரிடமும் சொல்வார். சொல்லும்போது அவர் குரல் லேசாகத் தழுதழுக்கும். கேட்பவர்கள் அதை வருத்தம் என்று தவறாக எண்ணிக்கொள்வார்கள்.

இப்படிப்பட்டவரிடம்தான் கம்ப்யூட்டரின் பாதுகாப்பு ஒப்படைக்கப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் கம்ப்யூட்டர் அறையில் வசந்தகுமாரி, எந்தக் கோப்பு கம்ப்யூட்டரின் வட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையை மட்டும் ஒரு பிளாப்பியில் நகல் எடுப்பாள். அந்தப் பிளாப்பியைப் பியூன் நாகப்பன் ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து, வராந்தா வழியாகத் துணை இயக்குநரின் அறைக்குக் கொண்டுபோவான். தட்டு கடந்துபோகும்போது ஊழியர்கள் எழுந்து நிற்க வேண்டும். நோயாளிகள் எழுந்து நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் பழக்கத்தில் அவர்களும் நின்றார்கள். மணவாளன் பிளாப்பியை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவார். அதன்மேல் பச்சை மையில் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும்.

முதல் பிளாப்பியில், அந்த ஆயுத பூஜையன்று, போட்டார். விருந்தாளிகள் பசியோடு காத்திருந்ததால் மதியத்துக்குள் ஒப்பிட்டு முடிக்க வேண்டியதாயிற்று. அந்த அவசரம் அவர் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆகவே இரண்டாவது வாரத்துப் பிளாப்பியை முறையாக ஒப்பிட ஆரம்பித்தார். அசலையும் நகலையும் காகிதத்தில் அச்சடிக்கச் சொன்னார். கம்ப்யூட்டரின் அட்டவணை மனிதர்கள் படிப்பதற்கானது அல்ல என்பதால், தாள்களில் சீட்டுக்கட்டுக் குறிகளும் சிரித்த முகங்களுமாக வந்து விழுந்தன. மணவாளன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆட்டின், ஸ்பேடு, சிரித்த முகம், சிரித்த முகம், கிளாவர்" என்று நிதானமாகப் படிப்பார். நாகப்பன் அசலைப் பார்த்து, "இருக்கு சார், இருக்கு சார்" என்பான். பதினான்கு மாதங்களாக அவர்கள் இரண்டாவது வாரத்தில் இருந்தார்கள். மற்ற வாரத்துப் பிளாப்பிகள் பீரோவில் வரிசையில் காத்துக்கிடந்தன.

அந்தச் சனிக்கிழமை, பேட்டையின் உலைப் பட்டறைகளெல்லாம் ஒரே நேரத்தில் நின்று ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கியதில், மின்சாரம் ஒரு துள்ளு துள்ளி அடங்கியது. கம்ப்யூட்டர் மறுபடி உயிர் பெற்றபோது அட்டவணை காணாமல் போயிருந்தது.

இதெல்லாம் திங்கட்கிழமை வரை கன்னியப்பனுக்குத் தெரியாது. சொர்ணத்தை மரத்தடி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் அறையின் கண்ணாடிக் கதவைத் தட்டினான். வசந்தகுமாரி கதவைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அழுதவளைப் போல இருந்தது அவள் முகம்.

"நீங்க திருவேற்காடு கோயிலுக்குப் போயிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"போவாமே? வருசா வருசம் போவோமே."

"அங்க செருப்பை வாங்கி வச்சிக்கிட்டு டோக்கன் குடுப்பாங்க இல்ல? அந்த மாதிரிதான். எல்லாருடைய செருப்பும் வட்டுல பத்திரமா இருக்கு. ஒரு ஜோடிகூட தொலையல. எந்தச் செருப்பு எந்தக் கட்டத்துலன்னு சொல்ற டோக்கன்தான் போயிடுச்சு. அதுக்குப் பதிலா போன வருஷ டோக்கனை எடுத்துப் போட்டிருக்கோம். அதுலதான் கையெழுத்து இருக்கு. ஆனா நடுவுல சார் எல்லாத்தையும் உறுப்பினர் சீனியாரிட்டிபடி மாத்தி அடுக்கச் சொன்னாரு."

கன்னியப்பன் வெளியே கழற்றிப் போட்ட தன் செருப்பைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப எம் பொஞ்சாதி செருப்பை வேற எவனோ மாட்டிகினு சுத்தறான்."

"ஆமா. அவரோடதை உங்க மனைவி மாட்டிக்கிட்டிருக்காங்க."

"இந்த வெள்ளிக்கெழமை டோக்கன் இல்லியா?"

"இருக்கு. பீரோவுல. அதைப் போட்டா அஞ்சு நிமிஷத்துல எல்லாம் சரியாயிடும். கையெழுத்து வேணும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "சீக்கிரம் கேளுங்க. இன்னையிலேருந்து புதுசா வர்ற நோயாளிங்க விவரத்தை ஏத்திக்கிட்டிருக்கோம். காலி எடம்னு நெனச்சி, இருக்கிற செருப்பு மேலயே கம்ப்யூட்டர் அதை வைக்கும். ஒரு வாரம் போச்சுன்னா அந்த டோக்கனும் உதவாது."

மணவாளன் அவனை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை பிரதி சரியாத்தான் இருக்கும்னு நானும் நம்பறேன்," என்றார். "ஆனா நம்பிக்கை வேற, கையெழுத்து வேற. ஒப்பிடணும்னா அசல் வேணும். அசல் எங்கே?"

"அழிஞ்சி பூட்ச்சி சார். அதுக்குத்தான நகலு."

"அதேதான். அசல் இருந்தா ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுடுவேன்."

"அசலு இருந்தா நகலு எதுக்கு சார்?"

மணவாளன் வருத்தத்தோடு புன்னகைத்தார். "எல்லாரும் இப்படித்தான் கேக்கறாங்க. நகலோட உபயோகத்தைப் பார்க்கறாங்க, அதோட நேர்மையைப் பார்க்கறதில்லை. ஒரு வழி இருக்கு. அந்தப் பிரதியைக் கம்ப்யூட்டர்ல போட்டா அசல் திரும்ப வந்துடும். அசல் வந்தா நான் ஒப்பிடலாம். ஒப்பிட்டா கையெழுத்து. கையெழுத்து ஆனா, பிரதியைக் கம்ப்யூட்டர்ல போட அனுமதி கொடுத்துடுவேன்."

"அப்ப போட்டுருங்க சார்."

"கையெழுத்து இல்லாம எப்படிப் போடறது?"

கன்னியப்பன் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தான். இவ்வளவு மரியாதையாக அவனிடம் இதுவரை எந்த அதிகாரியும் பேசியதில்லை. வெளியே வந்து வெயிலில் நின்ற பிறகுதான், கையில் எதுவும் இல்லை என்பது அவனுக்கு உறைத்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கூடத்தில் கூச்சல் அதிகமாக இருந்தது. சின்னசாமி என்ற கொதிகலன்காரருக்கு ஐந்தாம் மாதத்துக்கான சத்து மாத்திரைகள் கொடுத்திருந்தார்கள். அவர் வம்பு எதற்கு என்று வாங்கிச் சாப்பிட்டு, உடம்பு கொஞ்சம் தேறியதாகவும் சொன்னார். தாட்சாயிணி என்ற பெண் இடுப்பில் நான்கு மாதக் குழந்தையோடு நின்றாள். போன வருஷ ஆயுத பூஜைக்குப் பிறகு பிறந்த எதுவும் அட்டவணையில் இல்லை என்பதால், அந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி போட மறுத்துவிட்டார்கள். குழந்தை கத்திக்கொண்டிருந்தது. அதன் சத்தம் கணக்கில் வரவில்லை.

மணவாளன் ஒரு ஸ்டூல்மேல் ஏறி நின்று பேசினார்.

"அன்பார்ந்த உறுப்பினர்களே. சில பேருக்குக் கோப்பும் ஆளும் ஒத்துப்போகலேன்னு கேள்விப்பட்டேன். இதை ஆராய ஒரு குழு போட்டிருக்கேன். குழுவுல மூணு இடம். ரெண்டு பதவி காலியா இருக்கறதால மூணுலயும் நானே இருக்கேன். நேத்து ஒருமனதா முடிவு எடுத்தோம். கோப்புக்கும் ஆளுக்கும் முரண்பாடு வந்தா, கோப்பைத்தான் ஏத்துக்கணும். ஏன்னா கோப்போட அட்டவணையை ஒரு அதிகாரி அசலோட ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கார். உங்களை யாரு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க? நான் குறையாச் சொல்லல. என்னையும்தான் யாரும் போடல. ராத்திரியெல்லாம் அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

கூட்டத்தில் ஒருவர் கைதட்டினார். நாகப்பன்.

அப்போதுதான் அறுவை அறையின் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் கூப்பிட்டாள். "மூணாவது. வால்வு. பெண். எத்திராஜ். எத்திராஜ் அம்மா யாரு?"

மாத்திரை வரிசையிலிருந்து, புருவமெல்லாம் நீலப் பெயிண்ட் தெறித்த ஒல்லியான ஆள் ஒருவன் விலகி வந்தான். பேட்டையில் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் வேலை, வீடு ஆவடி சேக்காட்டில். அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினான். நர்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அம்மா வந்ததும் அனுப்பு" என்று சொல்லி நான்காவது பெயரைக் கூப்பிட்டாள்.

"இன்னா அண்ணாத்தே நடக்குது இங்க?" என்று அவன் பக்கத்தில் நின்ற கன்னியப்பனிடம் கேட்டான். "மாத்திரை வாங்க வந்தவனை நெஞ்சைப் பொளக்கக் கூப்புடறானுங்க. அங்க போனா, எத்திராஜுக்கு மாத்திரையே இல்லங்கறான்."

"நீதான் எத்திராஜா? பீடி குடிப்பியா?"

"நீ யாரு, டாக்டரா?"

"இல்ல நைனா. எம் பொஞ்சாதி உன் செருப்புல கீறா."

மரத்தடி பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். கன்னியப்பன் கோயில் செருப்புக் கதையை முதலிலிருந்து சொன்னான். எத்திராஜ் புரிந்துகொண்டு தலையாட்டினான். தனிக்கட்டை, மாத்திரை ஒரு நாள் தப்பினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஏற்கெனவே ஒரு தடவை தப்பியதில் பாதி நுரையீரல் போய்விட்டது என்று சொன்னான்.

"அப்ப ஒண்ணு பண்ணலாம்," என்றாள் சொர்ணம். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ நானா போயி மாத்திரை வாங்கிக்க. நான் நீயா போயி படுத்துக்கறேன்."

"எக்கா, நான் ஆம்பள."

"நானும்தான் ஆம்பள, ஜன்னல்ல சொன்னான். வூட்ல இவரு ஒரு வேலைக்கும் அசையமாட்டாரு, இனிமே எனக்கும் அப்பிடியே ஒக்காந்து சோறு துன்ன ஆசையா கீது." அவள் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே மூச்சுத் திணறலாக மாறியது. கன்னியப்பன் முதுகைத் தடவிவிட்டான்.

மாத்திரை சுலபமாகக் கிடைத்தது. பெண் நோயாளி என்றால் புருஷன் கூட வர வேண்டும் என்று ஒரு விதி இருந்ததால் கன்னியப்பனும் ஜன்னலுக்குப் போனான். கம்பவுண்டர் "சொர்ணம்" என்று கூப்பிட்டார், கோப்பில் ஆண் என்று இருந்தது, ஆண் ஒருவன் கை நீட்டினான். கொடுத்துவிட்டார்.

படுக்கை கிடைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. ஆண்கள் வார்டின் தலைமை நர்ஸ் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே பெண் என்று இருக்கிறதே, இங்கே எப்படிச் சேர்ப்பது என்று திருப்பி அனுப்பினாள். பெண்கள் வார்டின் தலைமை நர்ஸ் கோப்பைத் திறக்கவே இல்லை. மேலேயே எத்திராஜ் என்று இருந்தது. இரண்டு பேரும் நல்லவர்கள்தான். சொர்ணத்தின் உதடு நீலம் பாரித்திருப்பதைப் பார்த்து இரண்டு பேரும் பதறினார்கள். இரண்டு வார்டுகளுக்கும் நடுவில் இருந்த வராந்தாவில் ஒரு கட்டிலைப் போட்டு, ஆண்கள் வார்டிலிருந்து தலையணையும் பெண்கள் வார்டிலிருந்து போர்வையும் கொடுத்தார்கள். வார்டு எண் மட்டும் கொடுக்க முடியவில்லை. வார்டு எண் இல்லாதவர்களை அறுவை அறைக்குள் எடுப்பதில்லை.

கன்னியப்பன் பட்டறைக்குப் போவதை நிறுத்திவிட்டு மணவாளனின் அறை வாசலில் நின்றான்.

"உங்க விஷயம்தான் குழு முன்னாடி இருக்கு," என்றார் அவர். "ரொம்ப நுட்பமான கேள்வி. ஆளுக்கும் கோப்புக்கும் முரண்பாடு வந்தா என்ன செய்யணும்னு தெளிவா இருக்கு. இங்க கோப்பே தனக்குத்தானே முரண்படுது. மேல ஒண்ணு, உள்ள ஒண்ணு. எதை அசல்னு எடுத்துக்கறது, எதை நகல்னு எடுத்துக்கறது? அவசரப்பட்டு ஒரு முடிவு எடுத்து, அது பின்னாடி தப்பாப் போயிட்டா, பாதிக்கப்படப்போறது யாரு? உங்க மனைவிதான். அவங்களுக்காகத்தான் யோசிக்கறேன்."

"சார், அவளுக்கு மூச்சு வுட முடில."

"அது எனக்குத் தெரியாதா? தினமும் அந்த வழியாத்தான் போறேன். நேத்து நின்னு பார்த்தேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்கள் உண்மையிலேயே ஈரமாக இருந்தன. "என்னால தாங்க முடியல. ஆனா அதுக்காக விதியை வளைச்சேன்னா, அப்புறம் வர்றவங்களை எந்த முகத்தோட பார்ப்பேன்?"

பிறகு அவர் குனிந்து, இரண்டாவது வாரத்துத் தாளை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். டைமண்டு, ஸ்பேடு, சிரித்த முகம். இருக்கு சார்.

எத்திராஜ் வேலை முடிந்ததும் பெயிண்ட் வாடையோடு வராந்தாவுக்கு வருவான். தன் பெயரில் படுத்திருப்பவளுக்கு ஆரஞ்சு வாங்கிவருவான். பக்கத்தில் நின்றால் தன் நோய் அவளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று தூணுக்கு அந்தப் பக்கமே நின்று, பழத்தைக் கன்னியப்பனிடம் கொடுத்தனுப்புவான்.

"எத்திராஜு எப்படி கீறான்?" என்று அங்கிருந்தே கேட்பான்.

"கீறான், கீறான்," என்பாள் சொர்ணம். "உன்னிய பாத்துக்கறதுக்கே எனக்கு நேரம் சரியா பூடுது. நல்லா துண்றியா நீ? என் பேரைக் கெடுத்துடாத."

ஒரு நாள் சாயங்காலம் எத்திராஜ் ஆவடி பஜாரில் ஒரு பச்சைப் பேனா வாங்கிவந்து காட்டினான். "மாமே, அந்தப் பிளாப்பியில நாமளே ஒரு கிறுக்கு கிறுக்கிட்டா இன்னா?" கன்னியப்பன் அந்தப் பேனாவை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்குப் போனான். வசந்தகுமாரி பேனாவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"பீரோ சாவி சார் பூணூல்ல இருக்கு," என்றாள். "அது மட்டும் இல்ல. இன்னைக்குக் காலையில ஒரு காண்டிராக்டர் ஆளுங்க எல்லாரையும் மொத்தமா ஏத்தச் சொன்னாங்க. ஏத்திட்டேன். உங்க மனைவியோட விவரத்துல பாதி மேல அவங்க உட்கார்ந்துட்டாங்க. இனிமே கையெழுத்து வந்தாலும் பிரயோஜனம் இல்லைங்க. என்னை மன்னிச்சிடுங்க."

அவன் பேனாவைப் பையில் செருகிக்கொண்டான். அது கசிந்து, சட்டைப் பையில் பச்சையாக ஒரு வட்டம் விழுந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அறுவை நிபுணர் வராந்தா வழியாக வந்தார். கட்டிலருகே நின்று, சொர்ணத்தின் கையைப் பிடித்துப் பார்த்து, "இவங்களை இன்னும் ஏன் எடுக்கலே?" என்று கோபமாகக் கேட்டார். வார்டு எண் இன்னும் வரவில்லை என்றார்கள். உடனே வாங்குங்கள் என்று சத்தம் போட்டுவிட்டு, எண் உள்ளவர்களை அறுக்கப் போனார். சத்தம் போட்டது பலித்தது. புதன்கிழமை குழு கூடி, மேலே இருக்கும் பெயரே பிரதானம் என்று ஒருமனதாக முடிவெடுத்தது. வியாழக்கிழமை அது தட்டச்சுக்குப் போனது.

வியாழக்கிழமை மத்தியானம் சொர்ணம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வீட்டில் குழாய்த் தண்ணீர் வரும் நேரம், பக்கத்து வீட்டு ராணியிடம் குடத்தைக் கொடுத்துவிட்டு வந்தாயா என்று கேட்டாள். கொடுத்தேன் என்றான் கன்னியப்பன். கொடுக்கவில்லை. அவள் தலையை அவன் தோளில் வைத்துக்கொண்டாள். வால்வு மூடுவது வெளியே கேட்காது என்றுதான் அவன் நினைத்திருந்தான். கேட்டது போலிருந்தது.

நாகப்பன் உத்தரவைக் கொண்டுவந்தபோது நான்கு மணி இருக்கும். ஆண்கள் வார்டு, ஜன்னலோரப் படுக்கை. நல்ல காற்று வரும் இடம்.

இறந்தவர் பெயர் எத்திராஜ் என்று பதிவாயிற்று. உடலை எத்திராஜுக்கு வேண்டியவர்களிடம்தான் கொடுக்க முடியும் என்றார்கள். கன்னியப்பன் யார் என்று கேட்டார்கள். சொர்ணத்தின் புருஷன் என்றான். சொர்ணத்தின் புருஷனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். ஆள் அனுப்பி எத்திராஜை வேலையிலிருந்து அழைத்துவர வேண்டியதாயிற்று.

பிணவறைக் குமாஸ்தா கேட்டார். "இறந்தவருக்கு நீ என்ன வேணும்?"

எத்திராஜ் யோசித்தான். பெயிண்ட் தெறித்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ரொம்ப வேண்டியவன் சார்," என்றான்.

கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு கழகத்தின் கணக்கில் எத்திராஜ் இல்லாமல் போனான். பட்டறை முதலாளி, பெயர் இல்லாதவனை வைத்துக்கொள்வது தனக்கு ஒருவகையில் சௌகரியம்தான் என்று சொல்லி, அரைக் கூலிக்கு வைத்துக்கொண்டார்.

கன்னியப்பன் கடைசியாக ஒரு தடவை மணவாளனைப் பார்க்கப் போனான். சொர்ணம் செத்துவிட்டாள் என்று அவள் பெயரிலேயே ஓர் இடத்திலாவது பதிய வேண்டும் என்றுதான் கேட்கப் போனான். வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. பெயரே இல்லாமல் போனவளைப் போல அவளை விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

மணவாளன் கோப்பை வரவழைத்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லா தேறிக்கிட்டிருக்காங்களே. மாத்திரையை ஒழுங்கா வாங்கறாங்க. எடை கூடியிருக்கு. இப்படி ஒரு நோயாளியை நான் பார்த்ததில்லை." பிறகு அவன் சொன்னதைக் கேட்டு நிதானமானார். "உங்க வார்த்தையை நான் தட்ட மாட்டேன். வராந்தாவுல இருந்த அந்த அம்மா விஷயத்துக்கு அப்புறம் நான் ரொம்ப மாறிட்டேன். கோப்பை மட்டும் நம்பக் கூடாது. அதனால ஒரு புது விதி கொண்டுவந்திருக்கேன். இனிமே மாத்திரை கொடுக்கற ஜன்னல்ல, கூட வந்தவங்க வாய்விட்டு உறுதி சொல்லணும், நோயாளி உயிரோட இருக்காங்களா இல்லையான்னு. முதல் தடவை உங்ககிட்டேருந்தே ஆரம்பிச்சிடலாம். நானே பக்கத்துல நிக்கறேன். நீங்க இல்லேன்னு ஒரு வார்த்தை சொன்னா, சொர்ணம் கோப்பை அந்த நிமிஷமே மூடிடச் சொல்றேன்."

இரண்டு பேரும் ஜன்னலுக்குப் போனார்கள். மாத்திரை நாள் என்பதால் எத்திராஜ் ஏற்கெனவே வரிசையில் வந்து நின்றிருந்தான். மணவாளனைப் பார்த்ததும் அவன் இருமலை அடக்கப் பார்த்தான். அடங்கவில்லை. கம்பவுண்டர் தலையைத் தூக்காமல் கூப்பிட்டார்.

"சொர்ணம். கணவர் பெயர் கன்னியப்பன். மண்ணூர்பேட்டை."

எத்திராஜ் கையை நீட்டவில்லை. கன்னியப்பனையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் பார்வையில் கெஞ்சல் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடு, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்பது போல ஒரு சின்னத் தலையசைப்பு மட்டும் இருந்தது.

"சொல்லுங்க," என்றார் மணவாளன். "இருக்காங்களா?"

கன்னியப்பனுக்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவளின் பாரம் தோளில் இன்னும் இருந்தது. என் பேரைக் கெடுத்துடாத என்று அவள் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றவனிடம் சொன்னது காதில் இருந்தது.

"கீறா சார்," என்றான்.

"அசலைப் பார்த்துத்தானே சொல்றீங்க?"

நீலப் பெயிண்ட் தெறித்த அந்தப் புருவங்களைக் கன்னியப்பன் பார்த்தான்.

"பாத்துத்தான் சார் சொல்றேன்."

மணவாளன் திருப்தியோடு தலையசைத்தார். எத்திராஜ் கையை நீட்டினான். கம்பவுண்டர் மாத்திரைகளை அந்த உள்ளங்கையில் கொட்டிவிட்டு, "சாப்பிட்டப்புறம் போட்டுக்கம்மா" என்றார்.